துடுப்பேந்தியோர் பெயர்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1967ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள ராக்கி மவுண்டன் ஹவுஸ் என்னும் சிற்றூரில், வடக்கு சஸ்காச்சுவான் ஆற்றில் பத்துப் படகுகள் இறங்கின. ஒவ்வொன்றும் இருபத்தைந்து அடி நீளமுடையது. அவை கரையேற வேண்டிய இடம் மொன்றியால் மாநகர். இடைப்பட்ட தொலைவு 3,283 மைல். கிலோமீட்டர்க் கணக்கில் 5,283. பாயில்லை, பொறியில்லை, துடுப்பு ஒன்றே துணை. நூற்று நான்காம் நாளாகிய செப்டம்பர் 4ஆம் நாள், அவ்வாண்டு மொன்றியாலில் நடைபெற்றுக்கொண்டிருந்த எக்ஸ்போ 67 என்னும் உலகக் கண்காட்சியில் அப்படகுகள் வந்து சேர்ந்தன. கேனோ எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகுகளுக்கென உலகில் நடந்த நெடுந்தொலைப் பந்தயங்களுள் மிக நீண்டது இதுவே என்று பலரும் கூறுவர்.

கனடா கூட்டாட்சி உருவானது 1867 சூலை முதல் நாள். அதன் நூற்றாண்டு விழாவையொட்டியே இப்பந்தயம் ஏற்பாடாயிற்று. எட்டு மாகாணங்களும் இரண்டு ஆட்சிப்பகுதிகளும் அணிகளை அனுப்பின. நியூஃபவுண்ட்லாந்தும் பிரின்ஸ் எட்வர்ட் தீவும் கலந்துகொள்ளவில்லை. அணிக்குப் பத்துப் பேர். படகில் ஒரு வேளைக்கு ஆறு பேர் மாறி மாறித் துடுப்பு வலிப்பர். முழுத் தொலைவும் பல கட்டங்களாகப் பகுக்கப்பெற்று, கட்டந்தோறும் ஒவ்வோர் அணியும் எடுத்துக்கொண்ட நேரம் கூட்டப்பெறும். மொத்த நேரம் குறைந்த அணியே வெற்றி பெறும். ஏற்பாட்டாளர் இதற்கு இட்ட பெயரோ பந்தயம் என்பதன்று. காட்சி ஊர்வலம் என்னும் பொருள்படும் பெயரையே இட்டனர். வழியூர்களில் வரவேற்பும் மேடையும் விருந்தும் இருந்தன. துடுப்பு வலிப்போர் பழங்கால உடையணிந்து தோன்றினர். ஆயினும் காலக் கணிப்பாளர் கையில் கடிகாரம் இருந்தது. விழாவுக்கும் போட்டிக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட நூறு மனிதரின் நிலை எளிதானதன்று.

சென்ற வழியைச் சொன்னாலே ஒரு நாட்டின் உள்ளுடல் தெரிந்துவிடும். வடக்கு சஸ்காச்சுவான் ஆற்றிலிருந்து சஸ்காச்சுவான் ஆறு, சீடர் ஏரி, கடலெனப் பரந்த வின்னிப்பெக் ஏரி, வின்னிப்பெக் ஆற்றில் எதிரேறி லேக் ஆஃப் த உட்ஸ், ரெய்னி ஆறு, ரெய்னி ஏரி, அதன்பின் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் எல்லையாய்க் கிடக்கும் சிற்றேரிகளின் தொடர், சுப்பீரியர் ஏரி, ஹூரான் ஏரியின் ஜார்ஜியன் விரிகுடா, பிரெஞ்சு ஆறு, நிப்பிசிங் ஏரி, மட்டாவா ஆறு, இறுதியில் ஒட்டாவா ஆறு. இவ்வழி 1967இல் எவரும் வரைந்த வழியன்று. ஐரோப்பியர் வருமுன்னரே முதற்குடி மக்கள் அறிந்து வழங்கியது. பின்னர் மென்மயிர் வணிகர்களுக்கு நெடுஞ்சாலையாயிற்று. பீவர் என்னும் நீர்விலங்கின் மயிரால் செய்த தொப்பி ஐரோப்பியச் செல்வர் தலையில் ஏறவேண்டும் என்பதற்காக, ஒரு கண்டத்தின் ஆறுகளெல்லாம் துடுப்பால் அளக்கப்பெற்றன.

அவ்வாறு அளந்தவர்களே வொயாஜர் எனப்படும் கூலிப் படகோட்டிகள். பெரும்பாலோர் கியூபெக் பகுதிச் சிற்றூர்களைச் சேர்ந்த பிரெஞ்சு மொழியினர். முதற்குடியினரும், இருவழிக் கலப்பில் தோன்றிய மெட்டி மக்களும் அவர்களோடு இருந்தனர். வணிகக் குழுமத்தோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு ஏறுவர். எழுதத் தெரியாதவர் சிலுவைக் குறியிடுவர். மொன்றியாலை அடுத்த லசீனிலிருந்து முப்பத்தாறு அடிப் பெரும்படகுகளில் சரக்கேற்றிச் சுப்பீரியர் ஏரியின் மேற்கரை வரை ஒரு கூட்டம் வரும். உள்நாட்டிலேயே குளிர்காலத்தைக் கழித்த மற்றொரு கூட்டம் இருபத்தைந்து அடிப் படகுகளில் மென்மயிர்க் கட்டுகளோடு எதிர்வரும். கோடையில் இரு கூட்டமும் சந்தித்துச் சரக்கை மாற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பும். முதற்கூட்டத்தாரைப் பன்றிக்கொழுப்புத் தின்னிகள் என்று மற்றவர் ஏளனம் செய்வர். உழைப்பாளர்க்குள்ளும் மேல் கீழ் உண்டு போலும்!

இப்பயணத்தில் நீரினும் கொடியது நிலம். ஆறு அருவியாய் விழும் இடத்திலும், ஓர் ஏரி முடிந்து மற்றோர் ஏரி தொடங்காத இடத்திலும், படகையும் சரக்கையும் தோளேற்றிக் காட்டுவழியே நடக்கவேண்டும். இதனைப் போர்ட்டேஜ் என்பர். சுமைவழி எனத் தமிழில் சொல்லலாம். சரக்கு மூட்டை ஒன்றின் எடை 90 பவுண்டு, ஏறத்தாழ 41 கிலோ. ஓராள் ஒருமுறைக்கு இரண்டு மூட்டை சுமப்பது வழக்கம். முதல் மூட்டை இடுப்பின் பின்புறம் படியுமாறு தோல்வாரில் கட்டி, அவ்வாரை நெற்றியில் மாட்டிக்கொள்வர். இரண்டாவது அதன்மேல் ஏறும். உடல் முன்னே வளைய, ஓட்டமும் நடையுமாகச் செல்வர். வொயாஜர்களை வீழ்த்தியவற்றுள் வெள்ளத்தை எல்லாரும் அறிவர். சுமையால் குடல் இறங்கி மாண்டவர்களைப் பாடுவோர் இல்லை. சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள கிராண்ட் போர்ட்டேஜ் என்னும் சுமைவழி மட்டும் எட்டரை மைல். 1967ஆம் ஆண்டு அணிகளும் அவ்வழியே தம் படகைச் சுமந்தே கடந்தன. பழைய படகு பூர்ச்ச மரப்பட்டையால் ஆனது, புதியது கண்ணாடியிழை. அஃதொன்றே வேறுபாடு, மேடும் சேறும் கொசுவும் பழையனவே.

கவிஞர்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய செய்தி ஒன்று இங்கு உண்டு. வொயாஜர்கள் தொலைவை மைலால் அளக்கவில்லை. ஒரு மணிநேரத்திற்கொரு முறை துடுப்பை நிறுத்திப் புகைக்குழாய் பற்றவைத்து இளைப்பாறுவர். எனவே ஓர் ஏரியின் அகலத்தை இத்தனைக் குழாய் என்று கூறினர். சுமைவழியிலோ, மூட்டையை இறக்கி வைக்கும் இடங்களின் எண்ணிக்கையே அளவு. காற்று எதிர்த்தால் அதே ஏரி இரண்டு குழாய் கூடிவிடும். நிலப்படத்தார்க்கு இது பிழை. துடுப்பு வலிக்கும் தோளுக்கோ இதுவே மெய்யளவு. கூப்பிடு தூரம் என்று குரலால் தொலைவை அளந்த மொழியினர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பாட்டு. பாடத் தெரிந்தவனைப் படகுத் தலைவர்கள் விரும்பித் தேர்ந்தனர். ஒருவன் அடியெடுக்க, ஏனையோர் எதிரொலிக்க, அத்தாளத்திற்குத் துடுப்புகள் ஒருங்கே விழுந்தன. தமிழகக் கரையிலும் ஈழத்துக் கரையிலும் வலையிழுப்போர் பாடும் அம்பாப் பாட்டின் அமைப்பும் இதுவே. ஏலேலோ என்னும் ஒலி செய்யும் பணியை அங்கே பிரெஞ்சுப் பல்லவிகள் செய்தன. தொடர்பின்றியே தோன்றிய ஒற்றுமை இது. பலர் கை ஒன்றாக வேண்டுமெனில் ஒருவர் வாய் முதலில் திறக்கவேண்டும் என்னும் தேவை எக்கரைக்கும் பொது.

ஆனால் அப்பாடல்களின் பொருள் வியப்புக்குரியது. அவை பெரும்பாலும் பிரான்சு நாட்டிலிருந்து முன்னோர் கொண்டுவந்த நாட்டுப் பாடல்கள். மிகப் பரவலாகப் பாடப்பெற்றவற்றுள் ஒன்று, தெளிந்த ஊற்றின் அருகே நின்று பிரிந்த காதலை நினைந்து வருந்தும் பாட்டு. ரோசாவும் வாத்தும் இளவரசனும் வருவன; துடுப்பும் அருவியும் சுமையும் அவற்றில் அரியவை. கையிலிருப்பதைப் பாடாமல், கையைவிட்டுப் போனதைப் பாடினர். உழைப்புப் பாடல் உழைப்பைப் பற்றித்தான் இருக்கவேண்டும் என்று ஆய்வாளர் எதிர்பார்ப்பது, உழைப்பவரை உழைப்பாகவே காண்பதனால் நேரும் பிழை எனலாம்.

படகைப் பற்றிப் பாடியவர் பயணியாக வந்தவர். அயர்லாந்துக் கவிஞர் தாமஸ் மூர் 1804ஆம் ஆண்டு செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் பயணம் செய்தபோது, படகு வலிப்போர் பாடிய பாட்டைக் கேட்டு, கனடியப் படகுப் பாட்டு என்னும் தம் ஆங்கிலப் பாடலை எழுதினார். ஐரோப்பிய வரவேற்பறைகளில் அது பெரும்புகழ் பெற்றது. இனிய பாட்டுத்தான், ஆயினும் இருக்கையில் அமர்ந்தவரின் பாட்டு. துடுப்பைத் தாமே பிடித்த கவிஞர் ஒருவர் அதைப் பாட ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பாலின் ஜான்சன். 1861இல் பிறந்து 1913இல் மறைந்தவர். மோஹாக் குலத் தலைவர் ஒருவருக்கும் ஆங்கிலப் பெண்மணிக்கும் மகள். டெக்கஹியொன்வாக்கே என்னும் பூட்டனாரின் பெயரையும் தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். மேடை தோறும் தம் கவிதைகளை நடித்துக் காட்டிப் பிழைத்தவர். என் துடுப்புப் பாடும் பாட்டு என்று பொருள்படும் அவரது கவிதை 1892இல் வெளிவந்தது. கேனோவைத் தேர்ச்சியோடு செலுத்தத் தெரிந்த ஒருவர் எழுதியது என்பது அதன் ஓசையிலேயே புலப்படும். நீரில் துடுப்பு விழும் இடைவெளி அடியின் நீளத்தை முடிவு செய்கிறது. கனடாவில் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறையாக அதனை மனப்பாடம் செய்தமைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

பெண்ணொருத்தியின் துடுப்பு 1892இல் பாடியிருக்க, 1967இல் ஆற்றிலிறங்கிய நூறு பேரும் ஆடவர். வொயாஜர் காலத்தில் படகுத் தொழிலில் பெண்கள் இல்லை, பழைமையை அவ்வாறே காட்டினோம் என்று இதற்கு விடை கூறுவர். அவ்விடை முழுமையானதன்று. மரப்பட்டைப் படகைக் கட்டும் இடத்தில் ஸ்புரூஸ் மரத்தின் வேரைத் தோண்டிக் கிழித்து, அதனால் பட்டைகளைத் தைத்து, தையல்வாயில் பிசின் பூசி நீர் புகாமல் செய்தது பெரும்பாலும் முதற்குடிப் பெண்களின் கை. உலர்த்தி இடித்த காட்டெருமை இறைச்சியில் கொழுப்பை உருக்கி ஊற்றிச் செய்யும் பெம்மிக்கன் என்னும் கட்டுணவு இல்லையேல் மேற்கு நாட்டுப் படகுகள் நகர்ந்திரா. அதனைச் செய்தவரும் முதற்குடிப் பெண்களும் மெட்டிப் பெண்களுமே. கரையில் நின்றவர்களைப் படகுக் கதையிலிருந்து கழித்துவிட்டால் படகே இல்லை.

படகினுள் இருந்து பார்த்த பெண்ணும் ஒருவர் உண்டு. பிரான்சஸ் ஆன் ஹாப்கின்ஸ் என்னும் ஆங்கில ஓவியர், ஹட்சன் பே வணிகக் குழும அதிகாரியின் மனைவி. கணவரோடு பலமுறை கேனோவில் பயணம் செய்து, தாம் கண்டவற்றைத் தீட்டினார். அருவி அருகே செல்லும் படகை 1869இலும், விரைநீரில் பாயும் படகை 1879இலும் வரைந்த அவர், அவ்வோவியங்களில் தம்மையும் படகின் நடுவே அமர்த்தியிருக்கிறார். தம்மை வரைந்தது தற்பெருமையன்று, சாட்சியம். துடுப்பு வலிப்போரை ஒரே அச்சில் வார்க்காமல், தனித்தனி முகமுடையவராக அவர் தீட்டியுள்ளமை போற்றற்குரியது. வொயாஜர்கள் எவ்வாறிருந்தனர் என்று இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அவர் தூரிகை தந்தது.

முகம் கிடைத்தது, பெயர்? 1967ஆம் ஆண்டுப் படகுகளுக்குப் பழைய நாடுகாண் தலைவர்களின் பெயர்களை இட்டிருந்தனர். மனிட்டோபா அணியின் படகு ராடிசன். பிரிட்டிஷ் கொலம்பியா அணியின் படகு சைமன் ஃபிரேசர். இத்தலைவர்கள் அருஞ்செயல் செய்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் படகில் அமர்ந்து நாட்குறிப்பு எழுதுகையில் துடுப்பு யார் கையில் இருந்தது?

அலெக்சாந்தர் மெக்கன்சியை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோவுக்கு வடக்கே இக்கண்டத்தைக் குறுக்கே கடந்து பசிபிக் கடலை 1793 சூலையில் எய்தியவர் அவர். 1801இல் வெளிவந்த தம் பயண நூலில், இருபத்தைந்து அடி நீளமுள்ள படகொன்றில் பத்துப் பேர் புறப்பட்டதாகக் குறிக்கிறார். 1967ஆம் ஆண்டு அணிகளின் படகளவும் ஆளெண்ணிக்கையும் அவையே! இரண்டு ஆள் தூக்கிச் செல்லத்தக்க அளவுக்கு அப்படகு இலேசானது என்றும் எழுதுகிறார். பிறகு உடன் வந்தோர் பெயர்களைத் தருகிறார். துணைவர் அலெக்சாந்தர் மெக்கே. துடுப்பு வலிப்போர் ஜோசப் லாண்ட்ரி, சார்ல்ஸ் டுசெட், பிரான்சுவா பொலியே, பாப்டிஸ்ட் பிசோன், பிரான்சுவா கூர்த்துவா, ஜாக் பொஷாம். அக்கால எழுத்தாளர் பலர் செய்யாத நற்செயல் இது. மெக்கன்சிக்கு அதன் பொருட்டு நன்றி கூறவேண்டும். ஆனால் பட்டியல் அத்தோடு முடியவில்லை. வேட்டைக்கும் மொழிபெயர்ப்புக்கும் இரண்டு இந்தியர்கள் என்று ஒரு தொடர் அதன் ஈற்றில் நிற்கிறது. வழிகேட்கும் வாயும் உணவு தேடும் வில்லும் அவ்விருவரே, பெயரில்லாதவரும் அவ்விருவரே.

நூற்றாண்டு விழாவினர் பத்துப் படகுகளுள் ஒன்றுக்கேனும் ஜோசப் லாண்ட்ரி என்று பெயரிட்டிருக்கலாம். லாண்ட்ரியும் டுசெட்டும் 1789இல் ஆர்க்டிக் கடல் வரை மெக்கன்சியோடு சென்றவர்கள். நான்காண்டு கழித்துப் பசிபிக் கடலுக்கும் சென்றவர்கள். இரு கடல்களைக் கண்ட துடுப்புகள் அவை. துடுப்பு வலிக்கும் நூறு பேரைப் பாராட்டும் விழாவில், முன்னாளில் துடுப்பு வலித்தவர் எவர் பெயரும் நினைவுக்கு வராமற்போனது குறையே.

ஆறுகள் மட்டும் தம் பழம்பெயரை விடவில்லை. சஸ்காச்சுவான் என்பது விரைந்தோடும் ஆறு எனப் பொருள்படும் கிரீ மொழித் தொடரின் திரிபு. வின்னிப்பெக் என்பது கலங்கல் நீர். கேனோ என்னும் சொல்லும் கரிபியத் தீவுகளின் முதற்குடியினர் மொழியிலிருந்து இசுபானியம் வழியாக வந்தது; கட்டுமரம் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனது போன்ற கதை. சொல்லைக் கொடுத்தவரை மறந்து சொல்லை மட்டும் வைத்துக்கொள்வதில் உலக மொழிகள் வல்லன.

பந்தயப் படகுகள் சீடர் ஏரியை அடைந்தபோது அந்த ஏரியும் பழைய ஏரியாக இல்லை. சஸ்காச்சுவான் ஆறு வின்னிப்பெக் ஏரியில் விழும் கிராண்ட் ராப்பிட்ஸ் என்னுமிடத்தில் 1960களில் நீர்மின் நிலையத்திற்காக அணை எழுந்தது. தேங்கிய நீர் சீடர் ஏரியை வீங்கச் செய்தது. அதன் கரையிலிருந்த செமவாவின் என்னும் கிரீ மக்களின் ஊர் நீருக்குள் போயிற்று. அம்மக்கள் 1964இல் ஈஸ்டர்வில் என்னும் புதிய குடியிருப்புக்கு மாற்றப்பெற்றனர்; சுண்ணாம்புக் கல் நிறைந்த வன்னிலம் அது. மீனும் மூஸ் மானும் கஸ்தூரி எலியும் தந்து காத்த சதுப்பு நிலம் மறைந்தது. மூன்றாண்டு கழித்து அந்நீரின்மேல்தான் நாட்டின் பெருமைக்குரிய பத்துப் படகுகளும் சென்றன. துடுப்பு வலித்தவரைக் குறைகூற இடமில்லை. அன்றைய கட்டத்தைக் குறித்த நேரத்தில் முடிப்பதே அவர்க்குரிய கவலை. ஆனால் ஒரே நாடு ஒரு கையால் பழைய நீர்வழியை விழாவாக்கி, மறுகையால் அதை மூழ்கடித்ததை வரலாற்று மாணவர் காணாமல் இருக்க இயலாது. பழைய வொயாஜர் எவரேனும் உயிர்த்தெழுந்து வந்திருப்பின், அந்த இடத்தில் கரை எது என்று கேட்டிருப்பார்.

ஏனைய வழியைப் பற்றி நீட்டிக் கூறவேண்டியதில்லை. வின்னிப்பெக் ஏரி ஆழமற்றது. ஆகவே காற்றடித்தால் அலை குத்தாக எழும். சுப்பீரியர் ஏரி நானூறு மீட்டருக்கும் மேல் ஆழமுடையது; கோடையிலும் அதன் நீர் குளிர்ந்தே இருக்கும்; கவிழ்ந்தவருக்கு நீச்சல் நெடுநேரம் உதவாது. காற்று எழுமுன் விடியலிலேயே புறப்படுதல் என்னும் வொயாஜர் வழக்கத்தைப் பெரிய ஏரிகள் எக்காலத்தவர்க்கும் கற்பித்துவிடும். நார்ம் கிரெரார் தலைமையில் மனிட்டோபா அணி வெற்றி பெற்றது.

அவ்வணியில் டான் ஸ்டார்க்கெல் என்பவர் ஒருவர். 1932இல் பிறந்தவர், தாய் தந்தையர் அரவணைப்பின்றிப் பிறர் வீடுகளில் வளர்ந்தவர், இளமையில் ஆறே அவருக்கு உறவாயிற்று. மொன்றியாலில் கரையேறிய பின்னும் அவர் தோள் ஓயவில்லை. 1980 சூன் முதல் நாள், தம் மைந்தர் டானா, ஜெஃப் இருவரோடு வின்னிப்பெக் நகரிலிருந்து இருபத்தோரடிப் படகொன்றில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடா சென்று, கடற்கரையை ஒட்டியே சென்றனர். ஜெஃப் மெக்சிகோவில் விலகிக்கொண்டார். டானா சிறுவயது முதல் ஈளை நோயால் துன்புற்றவர்; நெடுவழியில் அந்நோய் குறைந்தது. தந்தையும் மகனும் மட்டும் 1982 மே முதல் நாள் பிரேசில் நாட்டில் அமேசான் கழிமுகத்தை அடுத்த பெலெம் நகரை எய்தினர். தொலைவு பன்னிரண்டாயிரம் மைலுக்கும் மேல். ஸ்டார்க்கெலின் நாட்குறிப்புகள் 1987இல் நூலாயின. 2012இல் அவர் மறைந்தார்.

உணவும் நீரும் வைக்கவே இடம் போதாத அச்சிறு படகில் டானா கிதார் ஒன்றையும் ஏற்றிக்கொண்டார் என்று அந்நூல் கூறுகிறது. இசைக் கலைஞராக விரும்பிய அவர், வழியிலும் பயிற்சியை விடவில்லை. பின்னர்க் கிதார்க் கலைஞராகவே வாழ்வை அமைத்துக்கொண்டார். அவர் பயின்றது படகுப் பாட்டன்று. மேலை நாட்டுச் செவ்வியல் இசை.